வெறும் பெட்டி

செவ்வாய்க்கிழமை காலை என்றால் ஆய்வகத்தின் பின்வாசலில் நிற்கிற ஏழு பேரும் கையிலிருக்கிற பெட்டியின் மூடியைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பார்கள். நகரத்தின் ஏழு இடங்களிலிருந்து சாக்கடைத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் அவர்கள். ஆளுக்கொரு நீலப் பெட்டி. பெட்டிக்குள் நாலு ஐஸ் பாக்கெட், நடுவில் ஒரு லிட்டர் பாட்டில். சாக்கடைக்கு இத்தனை சீராட்டா என்று வெளியாள் யாராவது பார்த்தால் சிரிப்பான். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவளைப் பார்த்த பிறகு சிரிக்கமாட்டான்.

அவளை எல்லோரும் ஐஸ்பெட்டி என்றுதான் சொல்வார்கள். முதுகுக்குப் பின்னால் ஆரம்பித்தது, பிறகு முகத்துக்கு நேராகவே வந்தது, கடைசியில் அவளே போனை எடுத்து "ஐஸ்பெட்டி பேசறேன்" என்று சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டது. பெட்டியைத் திறந்ததும் ஐஸ் பாக்கெட்டைக் கட்டைவிரலால் அழுத்துவாள். விரல் அமுங்கினால் பெட்டி திரும்பிப் போகும். மூடியில் ஈரம் இருந்தால் ஓர் ஏச்சு, எடுத்த நேரம் எழுதாமல் வந்தால் இரண்டு. வெறும் பெட்டியோடு வருகிறவன் கதி மட்டும் யாருக்கும் வரக்கூடாது. ஒருமுறை சாக்கடை மூடியைத் திறக்க முடியவில்லை என்று வெறுங்கையோடு வந்த ஆளிடம், "கடப்பாரை இல்லையா? கடப்பாரை இல்லேன்னா வாயில பல்லு இல்லையா?" என்று கேட்டாள். அந்த ஆள் அடுத்த மாதமே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

சும்மா கத்துகிறவள் இல்லை அவள். இளம்பிள்ளை வாதக் கிருமி இருநூறு குழந்தைகளின் வயிற்றில் குடியிருந்தால் ஒரு குழந்தைக்குத்தான் கால் விழும். மிச்சக் குழந்தைகள் ஓடி விளையாடிக்கொண்டே கிருமியைச் சாக்கடையில் விட்டுக்கொண்டிருக்கும். அந்த ஒரு கால் விழுவதற்குள் சாக்கடையில் வைத்தே அதைப் பிடித்துவிட வேண்டும். ஒரு வாரம் பாட்டில் வராவிட்டால் ஒரு வாரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தோம் என்று அர்த்தம். இதை அவள் யாருக்கும் பொறுமையாகச் சொன்னது கிடையாது. கத்தித்தான் சொல்லியிருக்கிறாள்.

அந்த ஏழு பேரில் ஒருவர் அவள் புருஷன். மேட்டுப் பம்ப் நிலையத்தில் மோட்டார் ஓட்டுகிற வேலை, ஒப்பந்த வேலை. பின்வாசல் மேசையில் அவர்களுக்குள் புருஷன் பொண்டாட்டி என்ற பேச்சே கிடையாது. "எடுத்த இடம்?" என்று அவள் கேட்பாள். "மேட்டுப் பம்ப் நிலையம்" என்று அவர் சொல்வார். நோட்டில் எழுதிக்கொள்வாள். ஒருமுறை அவரையும் ஐஸ் இளகிவிட்டது என்று திருப்பி அனுப்பியிருக்கிறாள். குடுவை கழுவுகிற அக்கா அதைப் பார்த்துவிட்டு, "ராத்திரி சோறாவது ஒழுங்காப் போடுவாளா, அதையும் விரலால அழுத்திப் பாத்துத்தான் போடுவாளா?" என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டு திரிந்தாள்.

அந்த மனுஷர் கொண்டுவந்த பாட்டில்தான் பதினோராம் நாள் பேசியது.

வந்த தண்ணீரைச் செறிவாக்கி, வளர்ப்புச் செல்கள் இருக்கிற குடுவைகளில் ஊற்றி, தினமும் நுண்ணோக்கிக் கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்ப்பார்கள். நல்ல செல்கள் குடுவையின் தரையோடு தரையாகப் பாய் விரித்தது மாதிரி ஒட்டிக் கிடக்கும். கிருமி புகுந்துவிட்டால் ஒவ்வொன்றாக உருண்டு, பிடியை விட்டு மிதக்க ஆரம்பிக்கும். அன்றைக்கு மேட்டுப் பம்ப் நிலையத்துக் குடுவைகள் இரண்டிலும் பாதிக்குமேல் மிதந்தன. ஒன்றுமே ஊற்றாமல் காவலுக்கு வைத்திருந்த குடுவை சுத்தமாக இருந்தது. அவள் மூச்சை இழுத்துவிட்டு, மறுபடி பார்த்து, அதற்கடுத்த சோதனைகளையும் போட்டாள். அவற்றின் முடிவு செவ்வாய்க்கிழமை வந்தது. சொட்டு மருந்திலிருந்து வருகிற சாதுவான கிருமி இல்லை. நோய் தருகிற அசல் கிருமிதான். எட்டு வருஷமாக இந்த நகரத்தில் தலைகாட்டாதது.

ஆய்வகத் தலைவரான பெரிய சார் கெட்ட மனுஷர் இல்லை. கெட்ட செய்தி பிடிக்காத மனுஷர். முடிவுத் தாளைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஏம்மா, அடுத்த மாசம் பார்வைக் குழு வருது. எட்டு வருஷமா சுத்தம்னு சான்றிதழ் கொடுக்கப் போறாங்க. இப்பப் போய் இதைத் தூக்கிட்டு வர்றியே."

"நான் தூக்கிட்டு வரலை சார். அதுவாத்தான் வந்திருக்கு."

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஆய்வகத்தில் வைத்திருக்கிற கிருமிக் குப்பியிலிருந்து ஒரு துளி தெறித்திருக்கும், கை தவறியிருக்கும், மனுஷக் கைதானே என்றார் அவர். அந்தக் குப்பி அடுத்த அறையில் பூட்டிக் கிடக்கிறது, சாவி உங்கள் மேசையில் இருக்கிறது, இருபது நாளாக யாரும் திறக்கவில்லை என்று பதிவிலும் இருக்கிறது என்றாள் அவள். தெறித்திருந்தால் காவல் குடுவை எப்படிச் சுத்தமாக இருக்கும் என்றும் கேட்டாள். அவர் இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். 'மாதிரி செல்லாது' என்று தலைப்பு. கீழே நாலு கட்டம். ஐஸ் உருகியது. பாட்டில் ஒழுகியது. குறித்த இடத்தில் எடுக்கவில்லை. ஆய்வகத்தில் கலந்துவிட்டது.

நாலாவது கட்டத்தை விரலால் தொட்டுக் காட்டினார். "இதுல ஒரு கோடு போட்டுக் கையெழுத்துப் போட்டுட்டு வா. உனக்கு ஒண்ணும் ஆகாது. ரெண்டு நாள் மறுபயிற்சின்னு அனுப்புவாங்க, அவ்வளவுதான். நாளைக்குக் காலையில கொடுத்தாப் போதும்."

பதினாலு வருஷம் தவறாத கை. அதைத்தான் தவறிவிட்டது என்று அவளே எழுதித் தர வேண்டும். படிவத்தைக் கசக்கிவிடாமல் பையில் வைக்க அவள் ரொம்பவும் சிரமப்பட்டாள்.

வீட்டுக்கு வரும்போது வானம் மூடிக்கொண்டு கிடந்தது. காலனியின் கடைசித் தெரு அவர்களுடையது. ஊர் வளர்ந்து வளர்ந்து ஓரத்தில் பிதுங்கின இடம், தண்ணீர்க் குழாய் வந்தே நாலு வருஷம்தான் ஆகிறது. வாசல்படியில் நாத்தனார் கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு எதிர்வீட்டு இரட்டைப் பையன்களுக்கு வாழைப்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நாத்தனாரின் வீட்டுக்காரர் கப்பலில் வேலைக்குப் போயிருக்கிறார், அவர் திரும்பும்வரை அவள் அண்ணன் வீட்டில்தான். குழந்தைக்கு ஐந்து மாதம். சொட்டு மருந்து போடக் கூட்டிப் போக நினைத்த இரண்டு தடவையும் காய்ச்சல் வந்து தள்ளிப்போய்விட்டது.

உள்ளே அவள் புருஷன் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். அவள் பையைத் தூக்கி மேசைமேல் போட்டாள். கை கழுவினாள். ஆய்வக விஷயம் வீட்டுக்கு வரக்கூடாது என்பது அவளே போட்ட சட்டம். அன்றைக்கு அந்தச் சட்டம் கை ஈரம் காய்வதற்குள் உடைந்துவிட்டது. அக்குவேறு ஆணிவேறாக எல்லாவற்றையும் கொட்டினாள். கை தவறிவிட்டதாம், என் கை தவறிவிட்டதாம் என்பதையே நாலு தடவை சொன்னாள்.

நாத்தனார் குழந்தையோடு கதவோரம் வந்து நின்றாள். புருஷன் கத்தியைக் கீழே வைத்தார்.

"எந்தச் செவ்வாய்க்கிழமை பாட்டில்?"

"மழை கொட்டுச்சே, நீங்க முழுசா நனைஞ்சு வந்தீங்களே, அது."

அவர் கிழங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுப்பில் தண்ணீர் கொதித்து வழிந்தது. நாத்தனார்தான் போய் அடுப்பைத் தணித்தாள்.

"உன் கை தப்பு பண்ணலை" என்றார் அவர். "அன்னிக்கு மேட்டுல மோட்டாரைக் கழட்டிப் போட்டிருந்தாங்க. சாக்கடைக் கிணத்தைக் காலி பண்ணி ப்ளீச்சிங் பவுடர் கொட்டிட்டாங்க. அதுல எடுத்தா என்ன இருக்கப்போகுது, எல்லாம் செத்துத்தானே கிடக்கும். பெட்டியைத் தூக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னேன். ஐஸ் இளகிட்டே இருக்கு. அப்படியே வீட்டுப் பக்கம் வந்து, நம்ம தெரு முனையில மூடியைத் தொறந்து எடுத்துட்டேன்."

"நம்ம தெரு முனையிலயா?"

"ஆமா."

"நம்ம தெருத் தண்ணி மேட்டுக்கே போகாதே. அது பின்பக்க ஓடைக்கில்ல போகுது?"

"தெரியும். சாக்கடைதானே, எதுவா இருந்தா என்னன்னு நெனச்சேன்."

"மேட்டுப் பம்ப் நிலையம்னு என்கிட்ட சொன்னீங்க. நான் கேட்டேன், நீங்க சொன்னீங்க. நான் எழுதினேன்."

அதற்கு அவர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். சண்டைக்கு வந்த பார்வை இல்லை. "பின்ன, வெறும் பெட்டியோட வந்து நின்னா நீ என்ன பேசுவேன்னு எனக்குத் தெரியாதா? அத்தனை பேருக்கு முன்னால பல்லு இல்லையான்னு கேப்பே."

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வாதாடுவதற்கு ஒன்றும் இல்லை. அவள் வாய்க்குப் பயந்து ஒரு மனுஷர் மழையில் நனைந்துகொண்டே தப்பான பாட்டிலை நிரப்பியிருக்கிறார், அந்த மனுஷர் அவள் புருஷன். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்கு அடியில் இன்னொன்று மெல்லத் தெளிந்தது. கிருமி மேட்டில் இல்லை. இந்தத் தெருவில் இருக்கிறது. யாரும் ஒருநாளும் பாட்டில் இறக்கிப் பார்க்காத, ஏழு இடத்துப் பட்டியலில் இல்லாத இந்தக் காலனியில்.

படிவத்தை எடுத்து மேசையில் விரித்தாள். மூணாவது கட்டம்: குறித்த இடத்தில் எடுக்கவில்லை. அதில் கோடு போட்டால் பொய்கூட இல்லை. அவள் கை தப்பித்தது. பெரிய சாருக்கு வேண்டியது கிடைத்தது. புருஷனுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வரும், மடித்து வைத்துவிடலாம். இதையெல்லாம் புருஷனேதான் சொன்னார், மெதுவாக, ஒவ்வொரு விரலாக மடக்கி. கிருமி இருக்கிறது என்று இந்தத் தெருவின் பெயரைப் போட்டு எழுதினால் விசாரணை வரும், இடத்தை மாற்றிச் சொன்ன ஒப்பந்தக்காரனை ஒரு நாள்கூட வைத்திருக்கமாட்டார்கள் என்றும் அவரே சொன்னார். நாளைக்கே குழந்தைக்குச் சொட்டு மருந்து போட்டுவிடலாம் என்றும் சொன்னார்.

நாத்தனார் குழந்தையைத் தோளுக்கு மாற்றினாள்.

"என் புள்ளைக்கு மட்டும் ஓசைப்படாம ஊத்திட்டு வந்துட்டா, அப்புறம் எதிர்வீட்டு ரெட்டைப் பசங்களை நான் எந்த மூஞ்சியோட தூக்குவேண்ணா? அவங்க அம்மா தினம் என்கிட்டதான் விட்டுட்டு வேலைக்குப் போறா. நான்தான் பழம் உரிச்சுக் குடுக்கறேன்."

"நான் வேண்டாம்னா சொன்னேன்?"

"நீ சொல்லலை. அந்தக் காகிதம் சொல்லுது."

அவர் மறுபடி கத்தியை எடுத்தார். மிச்சக் கிழங்கையும் சீவி முடித்தார். தோலையெல்லாம் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டு வந்து, "காலையில நானும் வர்றேன்" என்றார். "எடுத்தவன் நான். நான்தானே சொல்லணும்."

அன்றைக்கு அவருக்குச் சோறு போடும்போது, என் வாயால் வந்த வினை இது என்று மட்டும் சொன்னாள். பாதிதான் என்றார் அவர். வேறு யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பாதிக்கு ஒரு சண்டை நடந்திருக்கும்.

மறுநாள் புதன்கிழமை. தூறல் விட்டுவிட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. நாத்தனார் இரட்டையர்களின் அம்மாவிடம் ஏதோ சொல்லி மூன்று குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு தடுப்பூசி நிலையத்துக்குக் கிளம்பிவிட்டாள், யாரையும் கேட்கவில்லை. இவர்கள் இரண்டு பேரும் ஒரே குடையில் ஆய்வகத்துக்கு வந்தார்கள். கழுவுகிற அக்கா பார்த்துவிட்டு, "என்ன இன்னிக்கு ஜோடியா? செவ்வாய்க்கிழமை நேத்தே முடிஞ்சு போச்சே" என்றாள். இருவர் முகத்தையும் கிட்டத்தில் பார்த்ததும் கையிலிருந்த பிரஷை வாளியில் போட்டுவிட்டுக் கூடவே நடந்தாள்.

அவள் முதலில் பெரிய சார் அறைக்குப் போகவில்லை. பின்வாசல் மேசைக்குப் போனாள். நோட்டை எடுத்தாள். பக்கம் ஒவ்வொன்றுக்கும் எண் அச்சடித்த நோட்டு அது, ஒரு தாளையும் கிழிக்க முடியாது. எழுதினதை மறைக்கவும் கூடாது, ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுந்து நின்றபடியே கேட்டாள்.

"எடுத்த இடம்?"

"காலனி கடைசித் தெரு முனை" என்றார் அவர்.

"ஏன் மாத்திச் சொன்னீங்க?"

"மேட்டுல ப்ளீச்சிங் போட்டிருந்தாங்க. வெறும் பெட்டியோட வரப் பயமா இருந்துச்சு."

அதையும் அப்படியே எழுதினாள். பயம் என்கிற சொல் அந்த நோட்டில் அதற்கு முன்னால் ஏறியது கிடையாது. அவர் கையெழுத்துப் போட்டார். அவள் போட்டாள். பிறகு நோட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள்.

பெரிய சார் படித்தார். படிக்கப் படிக்க அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப நீங்களே ஒத்துக்கிட்டீங்களே. குறித்த இடத்துல எடுக்கலை. மூணாவது கட்டம். மாதிரி செல்லாது, முடிஞ்சது விஷயம்."

"இடம்தான் சார் தப்பு" என்றாள் அவள். "கிருமி தப்பில்லை. அது குடுவையில இருக்கு, வந்து பாருங்க. நம்ம பட்டியல்ல இல்லாத தெருவுல இருந்து வந்திருக்கு. பட்டியல்ல இல்லைங்கறதால அங்க குழந்தைங்க இல்லைன்னு ஆயிடாது."

"இவர் வேலை போயிடும், தெரியுமா உனக்கு?"

"அது எனக்கே தெரியும் சார்" என்று அவள் புருஷன் சொன்னார். "போகட்டும். நான் பண்ணின தப்புக்கு என்னைத்தான் அனுப்பணும். அந்தத் தண்ணியை ஏன் கொட்டுறீங்க?"

பெரிய சார் குரலை இறக்கினார். எட்டு வருஷம் என்றார். இத்தனை பேருடைய உழைப்பு என்றார். இன்னும் ஒரு மாதம் போகட்டும், குழு வந்து போகட்டும், பிறகு சத்தமில்லாமல் அந்தத் தெருவுக்கு ஆள் அனுப்பிச் சொட்டு மருந்து போடச் சொல்கிறேன் என்றார். அவர் உண்மையாகவே அனுப்பவும் அனுப்பியிருப்பார். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"ஒரு மாசத்துல ஒரு கால் விழுந்தா, குழுகிட்ட எந்தக் கட்டத்தைக் காட்டுவீங்க?"

வந்த தண்ணீரை எப்போதும் இரண்டு பங்காகப் பிரித்து, ஒரு பங்கைத் தொடாமல் உறைபெட்டியில் வைத்துவிடுவது அவர்கள் வழக்கம். கிருமி தெரிந்தால் அந்த மறுபாதி மேல் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். அனுப்பும் சீட்டில் பெரிய சார் கையெழுத்து வேண்டும். அவள் சீட்டை எழுதியே கொண்டுவந்திருந்தாள். மேசைமேல் வைத்தாள்.

"நான் போடமாட்டேன்னா?"

"போட மறுத்தார்னு எழுதுவேன் சார். நேரத்தோட. நோட்டுல இடம் இருக்கு." பேனாவைத் திறந்து நோட்டின்மேல் வைத்துக்கொண்டு நின்றாள். "பதினாலு வருஷமா இங்க வர்ற ஒவ்வொருத்தரையும் நேரம் எழுதலைன்னு திட்டியிருக்கேன். உங்களுக்கு மட்டும் எழுதாம விட்டா அவங்க எல்லாரும் என்னை என்ன நினைப்பாங்க?"

கதவோரம் நின்ற கழுவுகிற அக்கா, கேட்காமலே, "மணி ஒம்பது இருபது" என்றாள்.

பெரிய சார் கடிகாரத்தைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், திறந்திருந்த பேனாவைப் பார்த்தார். பிறகு சீட்டை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். எழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தது, ஆனாலும் அது கையெழுத்துதான்.

மேல் ஆய்வகத்திலிருந்து ஒன்பதாம் நாள் பதில் வந்தது. அதே கிருமி. அடுத்த சில நாட்களில், தெரு முனையில் முறைப்படி எடுத்திருந்த புதுப் பாட்டிலிலும் அது வந்துவிட்டது. அவள் புருஷனுக்கு அந்த வாரமே வேலை போனது. அவளுக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது, மூன்று வரியில் பதில் எழுதினாள். பின்வாசல் மேசையை மட்டும் அவளிடமிருந்து எடுக்கவில்லை, அதில் உட்கார வேறு யாரும் முன்வரவில்லை.

காலனி முழுக்க நாலு நாள் வீடு வீடாகச் சொட்டு மருந்து போட்டார்கள். தெரு பெயரைக் கெடுத்துவிட்டாய், இனி எங்கள் பெண்களை யார் கட்டுவார்கள் என்று மூலைவீட்டுக்காரர் வாசலுக்கே வந்து சத்தம் போட்டார். உங்கள் பேத்திக்குப் போட்டாச்சா, சுண்டுவிரலில் மை இருக்கிறதா, முதலில் அதைக் காட்டுங்கள் என்று அவள் கேட்டாள். இல்லை. அவரையும் இழுத்துக்கொண்டு போய்ப் பேத்திக்குப் போடவைத்துவிட்டுத்தான் மிச்சச் சண்டையைப் போட்டாள். அந்த நாலு நாளும் மருந்துக்காரர்களின் ஐஸ்பெட்டியை அவள் புருஷன்தான் தோளில் போட்டுத் தெருத் தெருவாகத் தூக்கிக்கொண்டு போனார். இப்போது ஒரு மோட்டார் பழுது பார்க்கும் கடையில் இருக்கிறார். கையெல்லாம் கிரீஸ். பழைய வேலையை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது என்று அவர் வெளிப்படையாகவே சொல்வார். அந்தக் காலனியில் ஒரு குழந்தைக்கும் கால் விழவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமைகளில் பெட்டிகள் எட்டு ஆயின. எட்டாவது, காலனி கடைசித் தெரு முனை. மேட்டுப் பம்ப் நிலையத்துக்கு ஒரு புது ஆள் வந்தார். மூன்றாவது வாரமே அவர் வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார். முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் போன பிறகு வேறு வழியில்லாமல் மேசைக்கு வந்து பெட்டியை வைத்தார். அவள் திறந்தாள். நாலு ஐஸ் பாக்கெட். நடுவில் பாட்டில், காலியாக, உலர்ந்து.

"குழாயை அடைச்சு வேலை பாக்கறாங்க மேடம். தண்ணியே ஓடலை" என்றார். கை பெட்டியின் விளிம்பைப் பிடித்திருந்தது.

போனவர்கள்கூட வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்கள். கழுவுகிற அக்கா குழாயை மூடிவிட்டு எட்டிப் பார்த்தாள். ஐஸ்பெட்டி வழக்கம்போல ஐஸ் பாக்கெட்டைக் கட்டைவிரலால் அழுத்தினாள். கல்லாக இருந்தது. நோட்டை இழுத்து, 'மேட்டுப் பம்ப் நிலையம்: வெறும் பெட்டி. தண்ணீர் ஓடவில்லை' என்று எழுதி, நேரம் போட்டு, அவரிடம் கையெழுத்து வாங்கினாள்.

"டீ குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

அந்த நேரம் பார்த்துப் பெரிய சார் அந்தப் பக்கமாக வந்தார். தள்ளிப்போயிருந்த பார்வைக் குழு மறுநாள் வருவதாக இருந்தது. குனிந்து நோட்டைப் பார்த்தவர், "ஏம்மா, நாளைக்கு அவங்க வர்றப்ப இப்படி ஒரு வரியில வெறும் பெட்டின்னு இருந்தா, ஏன்னு கேக்கமாட்டாங்களா?" என்றார்.

"கேக்கட்டும் சார்" என்றாள் அவள், வெறும் பெட்டியை மூடிப் புது ஆளிடம் நீட்டிக்கொண்டே. "நானே சொல்றேன்."